இடுப்புக்கு ஒன்று

எங்கள் ரொட்டிக்கடை தரைக்குக் கீழே இருக்கிறது.
ஜன்னல், தெருவின் கணுக்கால் உயரம்.
திபிலிசியில் பதினோரு வருடமாக
மனிதர்களை முதலில் கால்களாகத்தான் பார்க்கிறேன்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து இறங்கினால்
அது லமாரா, பியானோ டீச்சர்.
இடது முட்டியில் குடைச்சல். விரல்களிலும்.
இரவில் உருக்கிய மெழுகில் கைகளை முக்கி
உறைபோல் இறுகவிட்டு
செய்தி முடியும்வரை உட்கார்ந்திருப்பாளாம்.
"அந்நேரம் போன் அடித்தால்
எவராயிருந்தாலும் காத்துக் கிடக்கட்டும்."

பாதிப் படியில் நின்று
கூரையில் எதையோ தேடுவதுபோல் நடித்தால்
அது டாக்ஸி ஓட்டும் குராம்.
நாய்முடியில் பின்னிய பட்டையை
முதுகைச் சுற்றிக் கட்டியிருக்கிறான்.
மழை நாளில் அவனுக்கு முன்னால்
அதன் வாடை இறங்கி வரும்.
எந்த நாய் என்று கேட்டேன்.
பக்கத்து வீட்டு நாயாம்.
இப்போது அந்த வீட்டோடு பேச்சில்லையாம்.

எனக்கு ஒற்றைத் தலைவலி.
மாத்திரை இருக்கிறது, நல்ல மாத்திரைதான்.
அது வேலை செய்ய நாற்பது நிமிடம் ஆகும்.
அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான்
ஏதாவது வழி வேண்டியிருக்கிறது.
சோடா பாட்டிலை நெற்றிப்பொட்டில் உருட்டுவேன்.
கல்லாவிலுள்ள சில்லறையைக் கொட்டி
திரும்பத் திரும்ப எண்ணுவேன்.
தொகை ஒருமுறைகூட ஒத்துவந்ததில்லை.

மல்காஸ் கதை வேறு.
அடுப்பு என்றால் தரையில் புதைத்த மண் கிணறு.
தொப்புள்வரை அதற்குள் கவிழ்ந்து
உட்சுவரில் மாவை அறைந்து ஒட்ட வேண்டும்,
கால்கள் மட்டும் வெளியே மிதக்க.
ஒரு நாளைக்கு நானூறு தடவை.
குனியும்போது தெரியாதாம்,
நிமிரும்போதுதான்
யாரோ உள்ளேயிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதாம்.

ஒரு மருத்துவர் வேலையை விடு என்றார்.
இன்னொருவர் கத்தி வைக்கலாம் என்றார்.
மனைவி கடுகுப் பற்று போட்டாள்,
மாமியார் கண்ணாடிக் குவளைகளைக் கவிழ்த்து
முதுகெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் வட்டம் போட்டாள்.
திங்கட்கிழமை கந்தகக் குளியல்.
அழுகிய முட்டை நாற்றத்தோடு வருவான்,
செவ்வாய் மதியம்வரை
விசில் அடிப்பான்.

மற்ற நாட்களுக்கு
முதல் சுற்றில் வெந்த ரொட்டி ஒன்று.
மாவுச் சாக்கில் சுற்றி
கச்சைக்குள் இடுப்போடு செருகிக்கொள்வான்.
சுட வேண்டும், தோல் உரியக் கூடாது.
அந்தச் சூட்டை அளக்க அவனிடம்
உள்ளங்கையைத் தவிர எதுவும் இல்லை.
கண்ணை மூடி, பல்லைக் கடித்து, பிறகு மெல்ல
பல்லை விடுவான்.
ஆறியதும் நாங்கள் அதைப் பாலாடைக்கட்டியோடு தின்போம்.
கொஞ்சம் உப்பாக இருக்கும்.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள்
அறிமுகமில்லாத பூட்ஸ் இரண்டு
படியில் இறங்கவே யோசித்தன.
தெக்லே என்று பிறகுதான் பெயர் தெரியும், கல்லூரிப் பெண்.
வரிசையில் நின்றவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்து
ஒரு கையால் அடிவயிற்றை அழுத்தியபடி
சுவரில் சாய்ந்தாள்.
ஆண்கள் விலைப்பட்டியலைப் படித்தார்கள்.
எனக்கு வார்த்தை வரவில்லை, எனக்கே.

மல்காஸ் அடுப்பை விட்டு வந்தான்.
தன் இடுப்பிலிருந்து உருவி
சாக்கோடு நீட்டினான்.
"வயிற்றில் வை. அந்த மூட்டைமேல் உட்கார்."

கோட்டுக்குள் ரொட்டியைக் கட்டிக்கொண்டு
இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்,
குழந்தையை ஒளித்துக் கடத்துபவள்போல்.
எழுந்ததும் காசு எடுத்தாள்.
மல்காஸ் தலை ஏற்கெனவே கிணற்றுக்குள் இருந்தது.
அவன் கால்களிடம் நன்றி சொன்னாள்.
படியேறும்போதே முனையைப் பிய்த்துத் தின்றாள்.

அன்று முழுக்க அவன் நிமிர்ந்தது
துருப்பிடித்த மடக்குக் கத்தி திறப்பதுபோல் இருந்தது.
இன்னொன்று எடுத்துக்கொள்ளேன் என்றேன்.
கேட்காத மாதிரி மாவு பிசைந்தான்.

மறுநாள் முதல் சுற்றில்
இரண்டு ரொட்டி கூடுதலாகப் போட்டான்.
குராம் ஒன்று கேட்டதும் மூன்றானது.
முதலாளிக்கு எழுதும் நோட்டில்
தினமும் அவற்றைக்
"கருகியது" என்று எழுதிவைக்கிறேன்.