பெருவிரல்

விடிய முன்னம் எண்ணத் தொடங்குவேன்.
ஒக்சிசன் சிலிண்டர் மூன்று. முள் பச்சையில்.
சளி உறிஞ்சும் பம்பு, அதன் பற்றரி,
அந்தப் பற்றரி செத்தால் இன்னொன்று.
தொண்டைக் குழாயின் குட்டிப் பலூனுக்குள்
காற்றல்ல, உப்புத்தண்ணீர்.
உயரத்தில் காற்று ஊதும், தண்ணீர் ஊதாது.
இதை எனக்குப் படிப்பித்தது
போன மாரியில் வெருகலிலிருந்து ஏற்றிவந்த ஒரு தொண்டை.

ஸ்டெதஸ்கோப் கழுத்தில் கிடக்கிறது,
கிடக்கவேண்டும் என்பதற்காக.
விசிறி சுழன்றால் அதில் கேட்பது
ஹெலியின் நெஞ்சு மட்டும்.
அலாரமும் கேளாது.
மொனிட்டரின் சிவப்பு விளக்கை
கணக்கு டீச்சரின் பிரம்பைப்போல
பார்த்துக்கொண்டே பறக்கப் பழகினேன்.

சீனக்குடாவுக்கு அழைப்பு வந்தது ஏழு இருபதுக்கு.
புல்மோட்டை. கடலட்டைக்குப் போனவன்.
நஸ்லின், வயது முப்பத்தொன்று.
பதினெட்டுப் பாகம், மூன்றாம் இறக்கம்,
காற்று முடிந்து ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறான்.
வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் இல்லை.
இருக்கின்றன. அவனுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினோம்.
புழுதியோடு ஒரு வாளியும் பறந்தது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
அதிபர் மட்டும் சுவரோடு குந்தி
இரண்டு கையையும் தலைமேல் வைத்திருந்தார்.
பிறகு எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு
ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையைப் பிடித்தார்.
அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

கால் பெருவிரலைக் கிள்ளினேன்.
"எப்ப கிள்ளுவீங்க?" என்று கேட்டான்.

அவன் மனைவி கத்தியது உதட்டில் மட்டும் தெரிந்தது:
எவ்வளவு காசு?
இல்லை என்று தலையாட்டினேன்.
என்ன விளங்கினாளோ.

எழுந்தோம்.
பட்டியை இறுக்கி, முகமூடியைச் சரிபார்த்து
அவன் கண்ணுக்கு நேரே என் பெருவிரலை உயர்த்தினேன்:
எல்லாம் சரி, பயப்படாதே.

வெருண்டான்.
பட்டிக்குள்ளிருந்து கையை உருவி
பெருவிரலால் கீழே குத்திக் குத்திக் காட்டினான்.
கீழே. கீழே.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.
தண்ணீருக்குள் பெருவிரல் உயர்ந்தால்
மேலே போவோம் என்று அர்த்தம்.
மேலே வந்ததுதான் காலையில் அவனை முறித்தது.
திறந்த சோடாப் போத்தலாய் அவன் இரத்தம்;
ஏறும் ஒவ்வோர் அடிக்கும் குமிழி பருக்கும்.

ஆயிரம் அடிக்குக் கீழ் என்கிறது புத்தகம்.
ஐந்நூறில் இருந்தோம்.
கப்டன் விஜேகோனுக்கு, தெரிந்த சிங்களத்தில்:
"தவ பஹலட்ட."
தெரிந்த தமிழில் அவர்: "சரி, சரி."
முந்நூறு. இருநூறு. நூற்றைம்பது.

வலப்பக்கம் குச்சவெளி, இறக்கக்கண்டிப் பாலம்,
வலை இழுத்தவர்கள் தலை குனிந்தார்கள்.
புறாத்தீவின் மேலால் போகவில்லை, சுற்றிப் போனோம்.
கண்ணாடியில் உப்பு படிந்தது.
கோணமலை வந்தபோது
கோயில் எங்களுக்கு மேலே நின்றது.
பறந்துகொண்டே அண்ணாந்து கும்பிட்டது
அன்றைக்குத்தான்.

துறைமுகத்தில் இரும்பு அறை கதவு திறந்து கிடந்தது.
அதற்குள் வைத்துத் திரும்பவும் அவனை
ஆழத்துக்கு இறக்குவார்கள், தண்ணீரில்லாமல்.
பிறகு ஆறு மணித்தியாலம்
கொஞ்சம் கொஞ்சமாய் மேலே.
கதவு மூடமுன் கை அசைத்தான்.
எந்த மொழியில் என்று தெரியாமல்
நானும் அசைத்தேன், ஐந்து விரலையும்.

பின்னேரம் திரும்ப எண்ணினேன்.
சிலிண்டர் இரண்டு. பட்டி ஒன்று கிழிசல்.
சோதனைப் பட்டியலில் முப்பத்தியேழாவதாய்
பேனையால் எழுதிவைத்தேன்: பெருவிரல்.

காலையில் வந்து பார்த்தால்
பக்கத்தில் மேற்பார்வையாளரின் சிவப்புக் கேள்விக்குறி.