இருபத்திரண்டாவது கிலோமீட்டர்

எழுபத்து மூன்று வயதில்
பசியை நம்பியதுதான் என் தப்பு.

மார்ச் மாதம். கூஹ்மோவில் பனி
நன்றாக இறுகிக் கிடந்த காலை.
இரண்டு கோப்பை காப்பி,
உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ரொட்டி.
கிழவிக்கு இது போதும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
நானேதான் சொல்லிக்கொண்டேன்,
குளிர்பெட்டியின் கதவைச் சாத்தியபடி.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில்
கால்கள் நின்றுவிட்டன.
வலியில்லை. நடுக்கமில்லை.
கட்டணம் கட்டாத வீட்டில்
மின்சாரத்தை நிறுத்தினாற்போல.
பனிச்சறுக்குத் தடத்தில்
என்னைத் தாண்டிப் போன இருவர்
வயசு, வயசு என்று முணுமுணுத்தார்கள்.

ஓய்வா லெஹ்தோமாகி, எழுபத்தொன்பது,
மர ஆலையில் முதுகு தேய்ந்தவர்,
பின்னால் வந்து நின்று கேட்டார்:
"என்ன சாப்பிட்டாய், ஹில்க்கா?"
சொன்னேன்.
மேல்சட்டைக்குள் கைவிட்டு
நெஞ்சுச் சூட்டில் வைத்திருந்த
அவித்த முட்டை இரண்டை எடுத்தார்.
காகிதத்தில் மடித்த உப்பு.
குடுவையில் கொதிக்கக் கொதிக்க நீலப்பழச் சாறு.
நின்றவாறே தின்றேன்,
திருடி அகப்பட்டவள் மாதிரி.

சுகாதார நிலையத்து வெல்லாமோ
கணக்குப் போட்டுக் காட்டினாள்.
"உங்கள் தசைக்குக் காது மந்தமாகிவிட்டது.
முன்பு முணுமுணுத்தாலே எழுந்து வந்தது,
இப்போது சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும்,
அதுவும் மூன்று வேளையும்.
தாகமோ கேட்கவே கூச்சப்படும்,
அது கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்."
ஐம்பத்தெட்டு கிலோவை எதனாலோ பெருக்கினாள்.
நான் தின்றுவந்த புரதம்
வந்த விடையில் பாதிகூட இல்லை.

சிரித்துவிட்டேன்.
இடுப்பைப் பார், தட்டைக் குறை என்று
ஐம்பது வருஷம் கேட்ட காதுக்கு
'இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்' என்பது
அந்நிய பாஷையாக இருந்தது.

இப்போது காலையில் கெட்டித்தயிர்,
பசி வராவிட்டாலும்.
மதியம் பட்டாணிக் கஞ்சி, இரவில் மத்தி மீன்.
குளிர்காலச் சூரியன் தராமல் விட்டதற்கு
ஒரு மாத்திரை.
எல்லா நாளும் ஒழுங்காய் இல்லை.
சில இரவுகளில் தட்டைப் பார்த்தாலே
ஆலைச் சங்கு ஊதினாற்போல் அலுப்பு.
ஆனாலும் மாடிப்படியில்
கைப்பிடியை மறந்து ஏறியிருக்கிறேன் இரண்டு முறை.

ஏப்ரலில், பனி உருகுமுன்,
அதே வளைவில் ஓய்வா எனக்காக நின்றிருந்தார்.
முட்டையை உரித்துவிட்டுச்
சட்டைப்பை ஒவ்வொன்றாய்த் தடவினார்.
உப்பை மறந்திருந்தார்.

என்னிடம் இருந்தது.