பால், வகை

சலாலாவில் சாரல் பிடித்து ஒன்பதாம் நாள்.
மலை பார்க்க வந்த கார்கள்
சேறு பூசிக்கொண்டு கடை வாசலில் ஹாரன் அடிக்கின்றன.
அந்த நேரம் பார்த்து பலதியாவிலிருந்து துஃபூல் வந்தாள்.
கையில் தெர்மாமீட்டர், நாலு பக்கப் படிவம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு:
பால், வகை.

என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை அந்தக் கோடு.

கரக் சாயாவுக்கு டின் பால் என்றேன்.
விடிகாலை நாலு மணிக்கு அடுப்பேறினால்
பத்து மணி வரை கொதித்தாலும் திரியாது.
இஞ்சி தட்டிப் போட்டாலும் முகம் கோணாது.
முதலாளியை அப்படிச் சொல்ல முடியாது.
(இதைச் சொல்லவில்லை.)

பவுடர் பால் வேறு சுபாவம்.
வெந்நீரில் நேரே கொட்டினால் கட்டிகட்டியாய் முறைக்கும்.
முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்,
குழைத்து வழிக்குக் கொண்டுவந்து
அப்புறம்தான் சூடு.
சில்ஹெட்டிலிருந்து போன மாதம் வந்த ஷொஹாக்கையும்
அப்படித்தான் கல்லாவில் நிறுத்தினோம்.

லபன் இருக்கிறது.
ராத்திரி முழுக்கக் கோழி அதில் கிடக்கும்.
மிஞ்சியது வெள்ளிக்கிழமை மோர்க்குழம்பு,
வெண்டைக்காய் வதக்கிப் போட்டு,
எங்கள் மூன்று பேருக்கு; மெனுவில் கிடையாது.
நுரை கட்டும் நொடியில் இறக்க வேண்டும்.
போன வாரம் ஃபோன் வந்தது, எடுத்தேன்,
சட்டிக்குள் தண்ணீர் வேறு மோர் வேறு.

அவள் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்தாள்.

ஒட்டகப் பால் பகீத் கொண்டுவருவது.
லேசாக உப்புக் கரிக்கும்.
ஒரு தரம் உறை ஊற்றிப் பார்த்தேன்,
மூன்று நாள் காத்திருந்தும் தயிராகவில்லை.
பகீத் சிரித்தார்:
கல்லைச் சுட்டு உள்ளே போடு,
சீறி அடங்கியதும் குடி.
போட்டேன். புகை வாசத்தோடு
நன்றாகத்தான் இருந்தது.
கல் எங்கே பொறுக்கினாய் என்று துஃபூல் கேட்டாள்.
அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.

பிறகு அந்தப் பாத்திரம். திறந்தாள். வெள்ளை.
தேங்காய் என்றேன்.
எதிர்ச்சாரித் தோட்டத்துக் காய், காலையில் பிழிந்தது.
இரண்டாம் பாலில் மீன் வேகும்.
முதல் பால் அடுப்பணைத்த பிறகுதான் வரும்,
பந்தி முடியும் நேரத்தில் வந்திறங்கும்
பணக்கார மாமன் போல;
அவர் வந்தால்தான் வீடு நிறையும்,
அவரைச் சூடாக்கினால் எல்லாம் கெடும்.
பசுவே இல்லாமல் பாலா என்றாள்.
எங்களுக்குப் பால்தான் என்றேன்.
தேதி எங்கே?
தேதி இல்லை. பத்து ரியால்.

குளிர்பெட்டியின் மேல்தட்டில், தனி டப்பாவுக்குள்,
அவள் கை நின்றது.
சின்ன பாட்டில். மூடியில் பிளாஸ்திரி.
அதில் நீல மையில்:
அக்னேஸ். ஜூலை 30. காலை 5.40. 90 மில்லி.

இது எந்தச் சமையலுக்கு?

எதிர் ஆஸ்பத்திரி சிஸ்டர்.
வார்டு ஃபிரிட்ஜ் கெட்டு ஆறு நாளாகிறது.
இவ்வளவையும் அரபியில் சொல்லத் தெரியாமல்
கைகளைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினேன்.
நாற்பத்தெட்டு வயது மீசைக்காரன்,
கரண்டி பிடித்த கையோடு.
ஷொஹாக் சிரித்துவிட்டான்.
அவள் சிரிக்கவில்லை.
டப்பாவை மூடி, இருந்த இடத்தில்
இருந்த வாக்கில் வைத்தாள்.

பெயர், தேதி, நேரம், அளவு
சரியாக இருப்பது
இந்தக் கடையில் இது ஒன்றில்தான்
என்றாள், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.
அந்தக் கோட்டில் என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அக்னேஸின் கணவன்
அப்போதுதான் நனைந்துகொண்டு வந்தான்.
பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து
சாரலில் குறுக்கே ஓடினான்.

ஒரு கரக், சர்க்கரை குறைவாக, என்றாள் துஃபூல்.
புது டின் எடுத்து
பால் வர ஒன்று, காற்றுக்கு ஒன்று என
இரண்டு ஓட்டை போட்டேன்.