முசாஃபிர்

கான்ஸ்டன்ஸா துறைமுகம். பிப்ரவரி.
கருங்கடல் காற்றுக்குக்
கதவு தட்டும் பழக்கம் கிடையாது.

கப்பலில் ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை.
முதலாளியின் தொலைபேசி
எந்த நாட்டில் அடிக்கிறதென்று
யாருக்கும் தெரியவில்லை.
டார்ட்டூஸ்காரன் வஜ்தி மட்டும்
எப்படியோ ஊருக்கு ஒரு டிக்கெட் தேற்றிவிட்டு,
விடியற்காலைப் பேருந்துவரை
தலைசாய்க்க அறை தேடி
ஸம்ஃபீராவின் வீட்டுக்குப் போனான்.

"அனா முசாஃபிர்" என்றான்.
கிளம்பிவிட்டேன், நாளைக்கு இருக்கமாட்டேன்
என்று அரபியில் அர்த்தம்.

"முசாஃபிர்!" என்றாள் அவள்.
ருமேனியத்தில் அது விருந்தாளி.
தொண்ணூறு லெய் என்று எழுதிய வாடகை அட்டையைச்
சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

போகிறேன் என்று ஒருவன் சொல்ல
வந்திருக்கிறான் என்று ஒருத்தி கேட்க
நிலைப்படியில் நின்றது அந்தச் சொல்,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

பாலையில் ஒட்டகத்தோடு நடந்த சொல்
துருக்கியர் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தது.
டானூபின் இக்கரைக்கு வந்தபோது
நடந்ததையே மறந்திருந்தது.
தெற்கே போனது மறக்கவில்லை.
இதை எனக்குச் சொன்ன கப்பல் சமையல்காரன்
ம்வின்யி, மொம்பாசாக்காரன்;
அவன் மொழியில் ம்சஃபிரி இன்னும் வழிப்போக்கன்தான்.
(சிங்கம் பார்க்க ஜீப்பில் போகிறோமே,
அந்தச் சஃபாரியும் இந்தக் குடும்பம்தான்.)

அவள் வட்டப் பலகையை இழுத்துப்போட்டு
"சோஃப்ரா" என்றாள்.
அவன் நிமிர்ந்தான். "சுஃப்ரா?"
முதலில் அது வழிக்குக் கட்டிய சோறு.
பிறகு அந்தச் சோற்றைக் கட்டிய தோல்.
பிறகு விரித்த தோல். கடைசியில் மேசை.
முசாஃபிரும் அதுவும் ஒரே வேர்.

என் மொழியில் இவ்வளவு அலைச்சல் இல்லை.
வந்தவனும் விருந்து,
அவன்முன் வைத்ததும் விருந்து.

அந்த வேரிலேயே
முகத்திரை விலக்குவதும் உண்டாம்;
பயணத்தில்தான் மனிதன் முகம் தெரியும்
என்பார்களாம் அரபுக்காரர்கள்.
மூன்றாவது கரண்டி சொர்பா ஊற்றியபோது
வஜ்தி அழுதான்.
மிளகாய் அதிகம்போலிருக்கிறது என்று
அவள் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

ஐந்து மணிக்குப் பேருந்து.
ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்
ஒரு பழைய துணியில் முடிந்து
அவன் கையில் திணித்தாள்.

அந்த முடிச்சுக்கு ஒரு பெயர் இருந்தது.
அவளுக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரியும்; சொல்லவில்லை.
பேருந்து நாற்பது நிமிடம் தாமதம்.