இரண்டு போட்டு, இரண்டு விட்டு

டால்வுட்டுக்கு மேற்கே, குயின்ஸ்லாந்துக் கரிசலில்
கம்பியை ஊன்றி ஊன்றி நடக்கிறாள் மார்னி டிரெலோர்.
நுனியில் கோலிக்குண்டு அளவு இரும்பு உருண்டை.
ஈரம் இருக்கும்வரை இறங்கும்,
உலர்மண் தட்டியதும் நின்றுவிடும்.
வேலியோரம் முழங்கால் ஆழம்.
நடுக்காட்டில் தொடை மட்டும்.
ஆட்டுப்பட்டி இருந்த மூலையில்
கணுக்காலைத் தாண்டியதும் மறுத்துவிட்டது.
பதினேழு இடம். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்;
கடைசி நான்கை வியர்வை அழித்தது.

கொட்டகையில் தம்பி லீத் கேட்கிறான்:
"எல்லா வரிசையும் போட்டால் என்ன?
வங்கித் தவணை இடைவெளி விட்டா வருகிறது?"

நண்டோட நெல், வண்டியோட வாழை என்று
அளந்து வைத்த மொழியில் இதை எழுதுகிறேன்.
மழையை நம்ப முடியாத இந்த மண்ணில்
சோளத்துக்கு எது ஓட?
ஒரு ஈமு,
பின்னால் அதன் ஏழு குஞ்சுகள்,
ஒரு தோகையும் உரசாமல் ஓட.

அவள் கணக்கு மண்ணுக்குக் கீழே.
சோளவேர் பக்கவாட்டில் மெல்லத்தான் போகும்.
விதைக்காத சாலின் நடுவை அது தொடும்போது
மேலே கதிர் வந்திருக்கும்.
அன்றைக்குத்தான் வேண்டும் அந்த ஈரம்,
மணி பால் பிடிக்கிற நாட்களுக்கு.
முன்னாலேயே கைக்குக் கிடைத்தால்
இலையாய் உடுத்தியே தீர்த்துவிடும் பயிர்.

பன்னிரண்டு விதைப்பெட்டிகளில் ஆறைத் தூக்கிச்
சங்கிலியால் கட்டினாள்.
ஆறாவது சங்கிலியை லீத்தே பூட்டினான்,
பேசாமல்,
தேவைக்கு மேல் இறுக்கி.

ஜனவரி கடைசியில் மழை கொட்டியது.
மூன்று நாள். சாலை மூழ்கியது.
சாலுக்குச் சால் நெருக்கி விதைத்த
பக்கத்துக் காட்டு ஹென்லான் சோளம்
தோளுயரம் கருத்து நின்றது.
இவள் விட்ட வெற்றிடத்தில் களைதான் கொழுத்தது;
இரண்டு முறை மருந்தடித்தாள், எண்ணெய்ச் செலவு தனி.
அறுப்பு முடிந்து நோட்டில் எழுதினாள்:
ஹெக்டேருக்கு ஒரு டன் குறைவு.
அடுத்த வரியில், சின்ன எழுத்தில்:
லீத் சொன்னது சரி.

நோட்டை அவன் பார்த்தானா, தெரியாது.
சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அடுத்த டிசம்பர்.
ஆணியில் தொங்குகின்றன ஆறு சங்கிலிகள்.
கம்பியோடு வேலியோரத்தில் தொடங்குகிறாள்.
முழங்காலுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது.
கைப்பிடியில் முழு உடம்பையும் சாய்த்து
இன்னொரு முறை
அழுத்திப் பார்க்கிறாள்.