சைபர்

சத்துவாச்சாரியில் எங்கள் புது வீட்டுக்கு
மீட்டர் மாட்டிய தணிகைவேலு
"சைபர்ல நிக்குது, பாத்துக்குங்க சார்" என்றார்.
பார்த்தேன்.

செங்கல் மட்டும் பதினெட்டாயிரம்.
அதற்காகப் பாலாற்றங்கரைச் சூளையில்
ஒன்பது நாள் எரிந்த புளியமரங்கள்
எந்த மீட்டரையும் ஓடவைக்கவில்லை.
அரியலூர் சிமென்ட்டைச் சுமந்து
கணியம்பாடி வழியாக இருமிக்கொண்டே வந்த லாரி,
எங்கோ கம்பியை உருக்கிய உலை,
நான் பேரம் பேசி வாங்கிய மணல்.
பால் காய்ச்சுமுன்பே வீடு
பந்தி முடித்துக் கைகழுவியிருந்தது.

சித்திரை. கான்கிரீட் தளம் ராத்திரியிலும் கொதிக்கிறது.
அதன்மேல், மாடி கட்ட விட்ட கம்பிகள்
அடுத்த பந்திக்கு இடம்பிடித்து நிற்கின்றன.
மேகலா ஏசியை இருபத்தாறில் வைக்கிறாள்.
வாசலில் ஓர் எண்
சைபரிலிருந்து ஒன்றுக்கு நகர்கிறது,
என்னவோ இப்போதுதான் தொடங்குவதுபோல.