மற்றவை

குஷிரோவில் ஜனவரி.
நாலரைக்கெல்லாம் இருட்டு.
பனி வாரும் வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு
உள்ளே வந்தார் ஓர் அம்மாள்.
யாமகிஷி என்று சட்டைப் பையில் தைத்திருந்தது.
வண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று
என் அலமாரியைத் தட்டு தட்டாகத் தேடியது.
அவர் பூட்ஸிலிருந்து உதிர்ந்த பனி
காலையில்தான் நான் துடைத்த தரையில்
இரண்டு கண்டங்களாக உருகியது.

"கையில் வைத்து விளையாடுகிற பெட்டி.
அதில் இரண்டு விதம் உண்டாமே?"

உண்டு.
பார்த்தால் தெரியாது.
ஒரே கறுப்பு, ஒரே திரை, ஒரே கனம்.
முதுகில் அச்சடித்த எண்ணில்
ஓர் எழுத்து மட்டும் வேறு.
முந்தையது மூன்று மணி நேரத்தில் தலை சாய்க்கும்.
சூடேறும். உள்ளே விசிறி முனகும்.
பிந்தையது ஐந்தரை மணி தாங்கும்.
சூடில்லை, சத்தமில்லை.
விலை நாலாயிரம் யென் கூட.
பிந்தையதை விற்றால் எனக்கு இருநூறு கிடைக்கும்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னார்.
ஒரே ஆட்டம், ஒரே குளம்,
தூண்டிலோடு ஒரே பையன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை.
வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று,
சந்தையில் நண்டு வாங்குகிறவர்போல்
கனம் பார்த்துக்கொண்டு நின்றார்,
இருபது நிமிடம்.
யாரும் தொடாததால்
இரண்டு திரையிலும் பையன்கள் கரையில் உட்கார்ந்து
கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனார்கள்.

"இந்த ஊரில் பனி கொஞ்சம், குளிர்தான் அதிகம்.
எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.
அதுவரை வண்டியில் இருக்க வேண்டும்.
எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.
டீசலுக்கு நகராட்சி கணக்குக் கேட்கும்."

காத்திருக்கும் வேலை என்றால் பேட்டரிதான் முக்கியம் என்றேன்.
மருத்துவருக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.
பிந்தையதை வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.
பெட்டி, சார்ஜர், ரசீது,
நான் போட்டுக் கொடுத்த உறைகூட
நாலாக மடித்து.
விரல் நுனிகளில் வெடிப்பு, இரண்டில் பிளாஸ்திரி.
"அந்த இன்னொன்றைக் கொடுங்கள்."

அது பழுது, அம்மா.
சூடாவதைக் குறையென்றுதான் அடுத்ததில் திருத்தினார்கள்.
"திருத்தட்டும்" என்றார்.

மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு.
காரணம்:
1 இயங்கவில்லை
2 உடைந்திருந்தது
3 தவறாக வாங்கிவிட்டேன்
4 மற்றவை.
அன்று இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றதைவிட
அதிக நேரம் பேனாவோடு நின்றார்.
நாலை வட்டமிட்டார். பக்கத்துக் கோட்டில்
பள்ளிக்கூடக் கையெழுத்தில், நிதானமாக:
சூடு போதவில்லை.

பழையதை ஓட விட்டேன்.
இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.
விசிறி முனகத் தொடங்கியதும்
காதருகே கொண்டுபோய்க் கேட்டார்.
"எஞ்சின் நின்றால் அங்கே ஒரு சத்தமும் இருக்காது"
என்று என்னிடமா, அதனிடமா, சொன்னார்.
பிறகு, வாசல் வரை போனவர் திரும்பி,
"அந்தக் குளத்து ஆட்டமும் வேண்டும்.
மூன்று ராத்திரியாக ஒரு மீன் சிக்கவில்லை."

சப்போரோ தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
சூடு போதவில்லை என்றால் என்ன?
தீப்பிடிக்கும் புகாரா, அதற்கு எதிர்ப் புகாரா,
எந்தக் கணக்கில் ஏற்றுவது?
எனக்கு விளக்கத் தெரியவில்லை.
இங்கே இன்று மைனஸ் பதினெட்டு என்றேன்.
அதைக் கேட்கவில்லை என்றார்கள்.

திரும்பி வந்த பெட்டியைத் துடைத்து
மறுபடி அலமாரியில் வைத்தேன்.
நல்ல பொருள், பொய் சொல்லக் கூடாது.
ஒரு கல்லூரிப் பையன் மறுநாளே வாங்கிப் போனான்,
அன்று நான் விடுமுறை.

மாதக் கடைசியில் என் சம்பளத்தில்
இருநூறு யென் கழிந்திருந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
4.